கானமயிலுக்க ஒத்த முட்டை

மாமிக்கு,

பிள்ளைக்கி ஞானஸ்நானம் குடுக்கணும், நான் வரணும்ணு எழுதியிருந்தீங்க.

இங்க கோயமுத்தூர் பக்கம் புது ரோட்டுக்கு அளக்குறோம். நேத்து அடையாளக் குத்தி அடிக்கப்போன புல்தரையில ஒரு கானமயிலு அடை இருந்துது. ஆளுக்க இடுப்பளவு உசரப் பறவையாக்கும். வெறுந்தரையில ஒத்த முட்டை. நான் ரோட்டை நாப்பது அடி தள்ளி வரைஞ்சேன்.

"இதுக்க ஆண் எங்க?"ண்ணு அளவுச் சங்கிலி பிடிக்குற செயின்மேனிட்ட கேட்டேன்.

"அது திரும்பியே பாக்காதுங்க. தாய் செத்தா முட்டையும் போச்சுங்க."

பொறவு எனக்கு வேலை ஓடல்ல.

பிள்ளையப் பெத்துட்டுப் போன உங்க மகளுக்க அடக்கத்துக்கு நாகர்கோவில் வரை வந்தேன், எல்லைப் போராட்டத்துல பஸ் இல்லேண்ணு எழுதினேன். மறுநாள் உங்க ஊரு பாறசாலைக்கி பஸ் ஓடிச்சு மாமி. பிள்ளைய பாக்காம திரும்பினது நானாக்கும்.

சனிக்கிழமை வாறேன். பிள்ளைய என் கையில தாருங்க.

உங்க மருமகன்