அடுத்த வீட்டுப் பயற்றங்கஞ்சி

1912 ஜூன் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. அப்புத்தளைப் பக்கம் ஒரே மூட்டம். துவைத்த துணி காயவில்லை.

என் மகள் எஸ்தருக்குக் காய்ச்சல் விட்டு ஒரு வாரம். ஐந்து வயதுப் பிள்ளை, மூன்று வயது போல இளைத்துக் கிடக்கிறாள். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் வந்து பார்த்தார். "மீன், கருவாடு, எறைச்சி ஒண்ணும் வேணாங்க. பயறு, கீரை, காய் மட்டும் குடுங்க. வயிறு தேறட்டும்."

பயற்றங்கஞ்சி வைத்தேன். ஒரு வாய் வாங்கித் துப்பினாள். மத்தியானம் அடுத்த வீட்டு மீனாட்சியிடம் அதே கஞ்சி ஒரு கிண்ணம் குடித்துவிட்டு வந்து நிற்கிறாள். மீனாட்சி தேயிலை ஆலை டீமேக்கரின் மனைவி. சைவம். பிள்ளை இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

சந்தோஷம்தான். சந்தோஷப்படத்தான் வேண்டும்.

ஜூன் 5, புதன்

பெரகல கடையிலிருந்து வர வேண்டியவை: பாசிப்பயறு, சீரகம், குரக்கன் (கேழ்வரகு) மா, தேங்காய் இரண்டு. கருவாடு வேண்டாம்.

மீ. வீட்டில் இன்று வல்லாரைத் துவையல், பூசணிக்காய்க் கூட்டு. கேட்கவில்லை, வாசனையே சொல்லிவிட்டது. நானும் வல்லாரை அரைத்தேன். கசந்தது. எஸ்தர் வாயை இறுக்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் பாடம் முடித்து இவர் வந்தார். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். "டீமேக்கர் வீட்டு ரசம் கமகமன்னு இருக்கு, இல்ல?"

சட்டியை வைத்த வேகத்தில் விளிம்பு உடைந்தது. நல்ல சட்டி.

ஜூன் 7, வெள்ளி

மத்தியானத் தூக்கத்திலிருந்து எஸ்தர் விழித்தாள். கண் திறக்காமலே, "அத்தை, பசிக்குது."

அத்தை. பக்கத்தில் படுத்திருந்தது நான்.

மீ.யை அப்படித்தான் கூப்பிடுகிறாள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி வேறு, "புள்ள இப்ப டீமேக்கரம்மா மாதிரியே பேசுது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டேன்.

இனி அந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்று எஸ்தரிடம் சொல்லிவிட்டேன். பின்கதவில் கொக்கி போட்டாயிற்று.

ஜூன் 8, சனி

காலை: ஒன்றுமில்லை. மத்தியானம்: குரக்கன் கூழ் இரண்டு கரண்டி, அதையும் வாந்தி. சாயங்காலம்: சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம்.

மீ. கொக்கி போட்ட கதவை ஒரு தடவை தட்டினாள். நான் திறக்கவில்லை. மறுபடி தட்டவில்லை.

இவர்: "புள்ள பெருசா, ஒன் வீம்பு பெருசா?"

ஜூன் 9, ஞாயிறு

ஜெபத்துக்குப் போனேன். ஒரு வார்த்தை மனதில் நிற்கவில்லை. மீ.யின் கை மட்டும் கண்ணில். சின்னக் கை, மஞ்சள் ஏறிய விரல். அந்த விரலில் என்னதான் இருக்கிறது?

எஸ்தர் நடக்கும்போது தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஜூன் 10, திங்கள்

கொக்கியை எடுத்தேன். எஸ்தரை இடுப்பில் தூக்கிக்கொண்டு மீ.யின் பின்வாசலில் போய் நின்றேன். போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது.

"வாங்கக்கா."

"என்ன போட்டு ஆக்குறீங்க? சொல்லுங்க. நானும் அதத்தான் போடுறேன். எங்கிட்ட சாப்புட மாட்டேங்குறா."

"ஒண்ணுமில்லீங்கக்கா. பயறு, கீரை, கொஞ்சம் தேங்காப்பால். கீரைய அவதான் ஆய்வா. மத்தால அவதான் கடைவா. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்புட உக்காந்துக்குவோம். தனியா உக்காந்தா எனக்கும் சோறு எறங்காது."

நான் எஸ்தரை அடுப்பருகே விட்டதே இல்லை, நெருப்புப் பயம். ஊட்டும்போது நின்றுகொண்டே ஊட்டுவேன். நான் சாப்பிடுவது எல்லோரும் சாப்பிட்ட பிறகு.

அதற்குள் எஸ்தர் இறங்கிக் கீரைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அங்கேயே சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. பிள்ளை சாப்பிட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

என் அடுப்படியில் எஸ்தர். கீரை ஆய்ந்தது பாதி, சிந்தியது பாதி. ஒரே தட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு ஒரு வாய் ஊட்டினாள், உப்பே இல்லை. அரைக் கிண்ணம் சாப்பிட்டாள். அரைதான். ஆனால் என் வீட்டில்.

சாயங்காலம் மீ. வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "சாப்புட்டாளாக்கா?"

"சாப்புட்டா."

நல்லது என்றாள். முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே நின்றாள். "நாளைக்கு அனுப்புவீங்களா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நானும் வர்றேன்" என்று வந்தது. பாசத்தில் வந்த பேச்சில்லை. அந்தத் தட்டருகே அவர்கள் இரண்டு பேரையும் தனியாக விட மனமில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்தும் சிரித்தாள்.

"வாங்கக்கா. அருவாமன கொண்டாங்க. பூசணிக்கா பெருசு."