யாருக்குக் கால் எட்டவில்லை

உன்னை எழுப்பி முகத்தில் விழிக்கத் தைரியமில்லை. பஸ்ஸில் போகிறேன். சமையல் முடித்துவிட்டேன், சுட வைத்தால் போதும். முழங்காலுக்கு மருந்து டீவி பக்கத்தில்.

பத்து மணிக்கு மெக்கானிக் வருவார், பைக் சீட்டைத் தாழ்த்த. சாவி கதவுக்குப் பின்னால் தொங்கும் என் சட்டைப் பையில்.

அவ்வளவு உயரமான பைக்கை அடம்பிடித்து வாங்கியவன் நான். எனக்கு விரல் நுனிதான் தரையில் படும். இத்தனை நாளும் சிக்னலில் வண்டியைத் தாங்கியது, பின்னால் உட்கார்ந்து நீ ஊன்றிய கால்தான். நேற்று, "காலை மேல வை, எல்லாரும் பாக்குறாங்க" என்று கடுகடுத்தேன். நீ வைத்தாய், விழுந்தோம். உன்னைத் தூக்கிவிடாமல், "ஒழுங்கா உக்காரத் தெரியாதா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது.

பி.கு. மெக்கானிக்கிடம் போனில், "வீட்டுக்காரிக்குக் கால் எட்டலை"ன்னு சொல்லிவிட்டேன். நீ கதவைத் திறந்து நின்றாலே குட்டு உடைந்துவிடும். உடையட்டும். கல்யாணப் போட்டோவில் எனக்காகக் குனிந்தாயே, அது போதும். நிமிர்ந்தே நில்.