செல்வியின் சிக்கு முடி

12.6.1983, ஞாயிறு. திருநகர்.

சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் நாத்தனார், என் மகள் செல்வியின் சுருட்டை முடியை நேராக்க ஒரு டப்பா மருந்து கொண்டுவந்திருக்கிறாள். "ஏழு வயசுலயே போட்டுரணும் மதினி. நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவன் இந்தக் காட்டப் பாத்தா நிப்பானா?" என்றாள். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒன் இஷ்டம்" என்றார். செல்விக்கு வாய்த்திருப்பது அவருடைய முடிதான்.

மத்தியானம் எல்லாரும் தூங்கினார்கள். சவுரி கட்ட முடி வாங்க வருகிறவனுக்குப் போட சன்னல் இடுக்கில் சுருட்டி வைத்திருந்த செல்வியின் சிக்கு முடியில் கொஞ்சம் எடுத்து, மருந்தைத் தடவிப் பார்த்தேன். நெடியில் கண் எரிந்தது. அலசி எடுத்தால் கம்பி மாதிரி நேராகக் கிடந்தது. நாத்தனார் சொன்னது பொய்யில்லை. சந்தோஷமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை.

செல்வி எழுந்து வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "யாரு முடிம்மா இது?" என்றாள். வாங்கிச் சுருட்டி மறுபடியும் சன்னல் இடுக்கில் செருகினேன்.

காலையில் போட்டுவிடலாம் என்று நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். டப்பாவை மூடினேனா என்று இப்போது நினைவில்லை. திறந்து கிடந்தால் மருந்து வீணாகிவிடும் என்று அவள் சொல்லியிருந்தாள். எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். படுத்தே இருக்கிறேன்.