மணந்தும் பார்க்காமல் வதக்கிய கோழி

அண்ணை,

நேற்று நான் போட்டிருந்த சேட்டை இன்று காலை தோய்க்க எடுத்த உங்கள் மைத்துனி, அதை மூக்கருகே கொண்டுபோய், "என்னப்பா, சோயா சோசிலையே குளிச்சனீங்கள்?" என்று கேட்டாள். அவளை நானும் அவளுடைய அக்காவை நீங்களும் கட்டியதால்தானே நாம் சகலர்களானோம். அந்த மணத்தோடு உங்களுக்கு இதை எழுதுகிறேன். நேற்று உங்களுக்கு எட்டு, நீங்கள் போன எட்டாம் நாள் படையல். உங்கள் இலையில் என்ன வந்தது, யாருடைய கை அது என்று நீங்கள் அறியவேண்டும்.

ஓர்ஸ் ஹில் வீட்டுக் குசினி ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் ராச்சியம். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்த காலத்தில், ஒரு சீனக் கப்பலின் சமையல்காரன் காட்டித்தந்த கோழி என்பீர்கள். அடுத்த தடவை சொல்லும்போது அவன் கொரியாக்காரன் ஆகியிருப்பான். மத்தியான டீவியில் பார்த்துப் பழகியது என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தது உங்களுக்குத் தெரியாது. அவருக்குத் துணையாக நானும் கொஞ்சம் பரப்பினேன்.

கோழியை விரல் தடிப்பில் வெட்டி, சோயா சோசும் மிளகுதூளும் சோளமாவும் பிரட்டி ஊறவிடுவீர்கள். கரட், போஞ்சி, லீக்ஸ், கறிமிளகாய் வெட்டுவது என் வேலை. ஊர்க்கதை சொல்வதும் என் வேலைதான். கதை சூடுபிடித்தால் கரட் துண்டுகள் தடித்துப்போகும். தாச்சிச் சட்டி புகைய வேண்டும் உங்களுக்கு. உள்ளி, இஞ்சி, பிறகு கோழி. அது வெளுத்ததும் வழித்தெடுத்துவிட்டு அதே தாச்சியில் மரக்கறி. கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரு பிரட்டு.

"ஐசே, மரக்கறி வாய்க்குள்ள சத்தம் போடோணும்" என்பீர்கள்.

"சத்தம் போடுறதுக்குப் பேர் சமையலோ? மாட்டுக்குப் போடுறது" என்று சொல்லிக்கொண்டே அக்கா வந்து அடுப்பைக் குறைத்துவிட்டுப் போவார். "காஸ் என்ன, உங்கட அப்பரோ வாங்கித் தாறார்?"

அவர் திரும்பியதும் நீங்கள் மறுபடி கூட்டுவீர்கள். ஒருநாள் டெலிபோன் வந்து நீங்கள் வெளியே போன நேரத்தில், பொறுக்கமாட்டாமல் அவர் கறித்தூளும் தேங்காய்ப்பாலும் விட்டுவிட்டார். நீங்கள் வந்து பார்த்து, "இது எந்த நாட்டுக் கோழியப்பா?" என்று கேட்டீர்கள். ஆனால் அன்றைக்குத்தான் சட்டியை வழித்துச் சாப்பிட்டீர்கள்.

நீங்கள் போனதிலிருந்து அக்கா வெறும் தேத்தண்ணியில் கிடந்தார். சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தால், "பசிக்கேல்லை பிள்ளை" என்று தள்ளிவைப்பார். நாளுக்கு நாள் முகம் சுருங்கிக்கொண்டு வந்தது. எட்டுக்கு என்னென்ன படைப்பது என்று கேட்டபோதுதான் வாயைத் திறந்தார்.

"அந்தச் சைனாக் கோழியைப் படையுங்கோ. படைச்சால் நானும் ஒரு வாய் தின்னுவன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்கள்தானே பக்கத்தில நிண்டனீங்கள்" என்றாள் என் மனைவி. நின்றேன்தான். வாயைத் திறந்துகொண்டு நின்றேன், கண்ணைத் திறந்துகொண்டு நிற்கவில்லை.

வேலையைத் தொடங்கியதுமே அக்காவின் சின்னம்மா குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, படையல் சாப்பாடு. உப்புப் பாக்கப்படாது."

"பாக்காமல் எப்பிடி மாமி? அண்ணை பாத்துப் பாத்தே பாதிக் கோழியை முடிக்கிறவர்."

"அது உயிரோட இருக்கேக்க. இப்ப அவர்தான் முதல் வாய் வைக்கோணும்."

"சரி, மணந்தாவது பாக்கிறன்."

"மணந்தும் பாக்கப்படாது!"

நீங்களே சொல்லுங்கள், புகைகிற தாச்சிக்கு முன்னால் நின்று மூச்சு விடாமல் எவனாவது கோழி வதக்கியிருக்கிறானா? நான் வதக்கினேன். ஒரு பிரட்டு, ஜன்னலுக்கு ஓடி ஒரு மூச்சு, திரும்பி வந்து இன்னொரு பிரட்டு. இந்த ஓட்டத்தில் ஊறவைக்கும்போது உப்புப் போட்டேனா இல்லையா என்பது மறந்துபோயிற்று. நாக்கிடம் கேட்கவும் வழியில்லை. படைக்கிற சாப்பாடு சப்பென்று இருந்தால் அக்கா ஒரு வாயோடு நிறுத்திவிடுவார் என்று பயந்து, ஒரு கை அள்ளிப் போட்டேன். சோயா சோசும் இன்னொரு தரம் சரித்தேன்.

சீலா மீன் பொரியல், இறால், உங்கள் அரைப் போத்தல் சாராயம், நடுவில் என் கோழி. படைத்துவிட்டு, நீங்கள் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றோம். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நான் மட்டும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். உப்பைப் பற்றி ஒரு செருமலாவது செருமியிருக்கலாம் நீங்கள்.

கதவு திறந்தது. அக்காவுக்குக் கொஞ்சம் சோறும் கோழியும் வைத்தோம். ஒரு வாய் வைத்தார். கரட் கடிபட்ட சத்தம் எனக்கே கேட்டது. அவர் முகம் கோணியது.

"சீ! கடல் தண்ணியிலயோ அவிச்சனீங்கள்?"

சின்னம்மா வாயில் கையை வைத்தார். அக்கா விடவில்லை.

"அந்த மனிசனோட நிண்டு நிண்டு நீங்களும் பழுதாப் போனியள். ஒரு நாளாவது ஒழுங்காச் சமைச்சியளோ ரெண்டு பேரும்? பிள்ளை, இன்னும் கொஞ்சம் சோறு போடு. இந்த உப்பை வெறுமனே தின்ன ஏலாது."

என் மனைவி போட்டாள். அக்கா பிசைந்தார், ஏசினார், சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். என் மனைவி சோற்றுப் பானையையே பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். எடுக்கப் போகிற நேரத்தில் நிறுத்திவிடுவாரோ என்ற பயம்.

இத்தனை காலமும் அந்த ஏச்சு உங்களுக்கு மட்டும் உரியது. நீங்கள் தலையைக் குனிந்து, வாய்க்குள் சிரித்துக்கொண்டு கேட்பீர்கள். நேற்று நானும் அப்படியே நின்று கேட்டேன். இனி அதை வாங்க ஆள் வேண்டும்தானே.

வருகிற ஞாயிறும் வந்து சமைக்கச் சொல்லியிருக்கிறார், உப்பைக் குறைத்து. ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் குறைக்கமாட்டேன் அண்ணை.