எல்லை மேட்டில் விழுந்த அடி

டோம்ப்கி கிராமம்,
1791, அக்டோபர் கடைசி.

அன்புள்ள சலோமியா அக்காவுக்கு,

தம்பி ஃப்ளோரியன் எழுதுவது. நான் நலம். நீயும் கடையும் சோப்புக் காய்ச்சுகிற அண்டாவும் நலமாயிருக்கக் கர்த்தர் அருளட்டும். நல விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா விட்டுப்போன வீட்டின் பின்னால் பழைய சோப்புக் கொட்டகை ஒன்று இருக்கிறதல்லவா, அதை ஒரு பிரபுவுக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பாதி உன்னுடையது என்பதால் உன் சம்மதம் வேண்டும். கடிதத்தைக் கிழிக்காதே. முழுக்கப் படி.

நான் நிலம் அளக்க வந்திருக்கும் இந்த ஊரில் எல்லோருமே பிரபுக்கள். உழுகிறவனும் பிரபு, சாணி அள்ளுகிறவனும் பிரபு. ஏர் பிடிக்கும்போதுகூட இடுப்பில் வாள் தொங்கும். இரும்பு வாள் வாங்க வக்கில்லாதவன் மரத்தில் செதுக்கி மாட்டிக்கொள்கிறான். ராஜாவுக்கும் தனக்கும் ரத்தத்தில் வித்தியாசமே இல்லை என்பான். பூட்ஸைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இந்த வருஷத்துப் புது அரசியல் சாசனமும் அதை ஒட்டி வந்த சட்டங்களும் இவர்கள் தலையில் இடியாக இறங்கியிருக்கின்றன. இனிமேல் சொந்த நிலம் உள்ள பிரபுவுக்குத்தான் வட்டாரச் சபையில் ஓட்டு. குத்தகைக்காரனுக்கு இல்லை. யாருக்கு நிலம் உண்டு, யாருக்கு இல்லை என்று அளந்து சொல்லத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இந்தச் சட்டம் பிடித்திருந்தது. அரண்மனை கட்டி வாழும் பெரிய பிரபுக்கள் இந்த ஏழைப் பிரபுக்களைச் சபைக்கு வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போய், கறியும் தேன்மதுவும் கொடுத்து, தாங்கள் சொன்ன பேரைக் கத்த வைப்பார்கள். அந்தக் கூத்து ஒழிந்தால் நாட்டுக்கு நல்லது. வந்த முதல் நாள் சாப்பாட்டு மேசையில் இதை அப்படியே சொன்னேன்.

சொன்ன இடம் ஒனுஃப்ரி கோசெர்ஸ்கி என்கிற குத்தகைக்காரப் பிரபுவின் வீடு. அங்கேதான் தங்கியிருக்கிறேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். மேசைக்கு அடியில் யாரோ என் காலை உதைத்தார்கள். அது அவர் மகள் பெத்ரோனெலா. அப்படித்தான் அறிமுகம்.

மறுநாளிலிருந்து அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க அவள்தான் வருகிறாள். அவள் பிடித்தால் சங்கிலி தொய்வதே இல்லை. ஒரு பெண்ணை இதற்குமேல் பாராட்ட எனக்குத் தெரியாது. எனவே நேரே போய் அவரிடம் பெண் கேட்டேன்.

"சோப்புக்காரன் மகனா? எங்க வம்சம் என்ன, உங்க நுரை என்ன?" என்று வாளைத் தட்டினார். வாள் இடித்து ஒரு பால்குடம் உருண்டது.

மறுநாள் காலையில் அவரே வந்து தோளில் கைபோட்டார். "தம்பி, பேரிக்காய் மரத்துலேருந்து ஓடை வரைக்கும் எங்க பூர்வீக நிலம். பங்காளி கஸ்பர் எல்லை மேட்டை உழுது கரைச்சுட்டான். உன் கருவிய வெச்சு அளந்து அது என்னோடதுன்னு எழுதிக் குடு. நிலம் வந்தா ஓட்டு வரும். ஓட்டு வந்தா பொண்ணு வருவா" என்றார்.

கரைந்துபோன மேட்டை எந்தக் கருவி காட்டும்? ஆனால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. எல்லை மேடு எழுப்பும்போது அடியில் கரியும் கண்ணாடித் துண்டும் புதைப்பார்கள். பிறகு ஊர்ப் பையன்களைக் கூப்பிட்டு அதன்மேல் குனிய வைத்துப் பிரம்பால் விளாசுவார்கள். இடம் சாகும்வரை மறக்கக் கூடாதாம். நிலம் அளக்கிற நாங்கள் வரைபடம் போடக் கற்றுக்கொள்ளும்வரை இந்த நாட்டின் எல்லைகளெல்லாம் பிள்ளைகளின் புட்டத்தில்தான் பதிவாகியிருந்திருக்கின்றன.

அந்த மேட்டில் அடி வாங்கினவர்களில் உயிரோடு இருப்பது இரண்டே பேர். ஒனுஃப்ரியும் கஸ்பரும். இருவரையும் வயலுக்கு அழைத்துப் போனேன். ஊரே பின்னால் வந்தது.

ஒனுஃப்ரி பேரிக்காய் மரத்தடியில் போய் நின்று, "இங்கதான். ஆறு பிரம்படி. இன்னும் குளிர்காலத்துல வலிக்குது" என்றார்.

"ஆறுக்கே அந்த ஊளை ஊளையிட்டியே!" என்றார் கஸ்பர். "எனக்குப் பன்னெண்டு. மூச்சு விட்டேனா? இடம் இது இல்ல, அதோ ஓடைக்கரை."

"நீ மூச்சு விடலியா? நீ நனைச்ச கால்சட்டை இன்னும் காயலடா!"

"அது ஓடைத் தண்ணிடா! கவுந்து கிடந்தப்ப மூஞ்சியே தண்ணிக்குள்ள!"

"பொய் பேசாதே! மூஞ்சி எங்க விழுந்துச்சு? தொப்பிதான் விழுந்துச்சு. அது ஓடையோட போனப்ப ஓடிப்போய் எடுத்துக் குடுத்தவன் யாரு? நான்டா!"

ஊரே ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று ஒனுஃப்ரிக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. ஓடைக்கரையில் தோண்டினேன். கரி வந்தது. பச்சைக் கண்ணாடியும் வந்தது.

நான் எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, ஓடைவரை கஸ்பருடையது, ஒனுஃப்ரிக்கு நிலம் இல்லை, ஆகவே ஓட்டும் இல்லை என்று அறிவித்தேன். அளவு முடிந்தால் அறிவிக்க வேண்டும், அப்படித்தான் படித்திருக்கிறேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கஸ்பரே சாவு வீட்டில் நிற்பதுபோலத் தொப்பியைக் கழற்றிவிட்டார். பெத்ரோனெலா சங்கிலியைக் கீழே போட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அவள் சொன்னது: "பொய் சொல்லச் சொல்லல. உண்மையத்தான் சொல்லணும். அத ஏன் மண்வெட்டியால சொல்றீங்க? வீட்டுக்குள்ள வந்து சொல்லியிருந்தா ஓடை வத்திப் போயிருக்குமா?"

அவர் ஓட்டுப் போடுவதே அரண்மனைக் கறிக்குத்தானே என்று கேட்டேன். "ஆமா, அந்தக் கறியில பாதிய கோட்டுப் பையில போட்டு எனக்குத்தான் கொண்டுவருவார்" என்றாள். அரண்மனைக்காரர் வருஷத்துக்கு ஒரு நாள் அவர் தோளை அணைத்து "சகோதரரே" என்பாராம். மற்ற நாளில் அப்படி அவரைக் கூப்பிட ஆள் இல்லை.

அன்றிலிருந்து ஒனுஃப்ரி வாளைக் கட்டுவதில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. முன்பு அந்த வாள் இடித்து வீட்டில் ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும், எனக்கு எரிச்சலாக வரும். இப்போது எதுவும் விழுவதில்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை, அக்கா.

ஆகவே சட்டங்களை மறுபடி படித்தேன். ராஜாவுக்கு நேரடியாக உட்பட்ட நகரத்தில் சொத்து உள்ள பிரபு நகரக் குடிமகனாகச் சேர்ந்துகொள்ளலாம். பிரபுப் பட்டம் போகாது. நகரச் சபையில் ஓட்டும் உண்டு. நம் ஊர் லோம்ஷா அப்படிப்பட்ட ராஜாவின் நகரம். நம் கொட்டகையில் இப்போது எலிகளைத் தவிர வேறு குடிமக்கள் இல்லை.

இந்தத் தடவை வீட்டுக்குள், கதவைச் சாத்திவிட்டு, அடுப்பில் விறகு வைத்துவிட்டு ஒனுஃப்ரியிடம் சொன்னேன். அவர் ஆணியில் தொங்கும் வாளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சோப்புக்காரங்களோட வரிசையில நிக்கணுமா?" என்றார். நிற்க வேண்டும் என்றேன். "என்னை எத்தனாவதா நிக்க வெப்பாங்க?" என்றார். முதலில் வந்தவர் முதலில் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அக்கா பார்த்துக்கொள்வாள் என்றேன்.

"உங்க அக்கா எப்படி?"

என்னைவிட நயமாகப் பேசுவாள் என்றேன்.

"உன்னைவிட நயமா எங்க வீட்டு ஆடு கூடப் பேசும்" என்றார். வாரக்கணக்கில் அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. உள்ளே பெத்ரோனெலா சிரிப்பது கேட்டது.

ஆனால் கொட்டகையை வாங்கிக்கொண்டு பெண் கொடுத்தால் விற்ற மாதிரி ஆகிவிடுமாம். முதலில் நம் வீட்டுப் பெரியவர் முறைப்படி பெண் கேட்க வேண்டுமாம். அப்பா இல்லை. பெரியவர் என்றால் நீதான். நவம்பரில் மார்ட்டின் திருநாளன்று அவரும் பெத்ரோனெலாவும் லோம்ஷாவுக்கு வருகிறார்கள்.

சந்தையில் அப்பாவின் தொப்பியைத் தட்டிவிட்ட அந்தப் பிரபுவை நீ மறக்கவில்லை என்று தெரியும். நானும் மறக்கவில்லை. இவர் அவர் இல்லை. நீ மாட்டேன் என்றால் நான் வாதாடப் போவதில்லை. ஆனால் என் சங்கிலியின் மறுமுனைக்கு வேறு ஆள் வேண்டாம்.

திருநாள் வழக்கப்படி அன்று நீ வாத்து வறுப்பாய். அவரைச் சாப்பிடக் கூப்பிட்டால், "இப்பத்தான் ஆச்சும்மா, வயிறு நெறஞ்சிருக்கு" என்பார். இந்த வீட்டில் என் தட்டில் மட்டும் கறி வைத்துவிட்டு இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். நீ நம்பாதே. இரண்டாம் தடவையும் அப்படித்தான் சொல்வார். மூன்றாம் தடவை, "சகோதரரே, உட்காருங்கள்" என்று கூப்பிடு.

கர்த்தர் உன் அடுப்பை அணையாமல் காக்கட்டும்.

உன் தம்பி,
ஃப்ளோரியன்