காதில் வந்து உட்கார்ந்தவர்கள்

ஜூன் 4

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. ஆபரேஷன் தொண்டையில்தான், கையில் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதுகிற முதல் முழுநீளக் கடிதம் இது. கோழி கிளறினது மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்.

குரல்நாணில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர நாளாகுமாம். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் கொஞ்ச நாள், பேசவே கூடாது. "கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாதும்மா, அதுதான் இன்னும் கெடுதல்" என்றார் டாக்டர். பேருந்து நிலையத்தில் காலை முதல் சாயங்காலம் வரை மைக்கில் பேசிப் பிழைக்கிறவளிடம் இதைச் சொல்கிறார்! தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

உன் அண்ணனைப் பற்றி உனக்குத் தெரியாததா? நாள் முழுக்க லிப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிற மனுஷர், வெளியே ஏறி வரும்போதும் அந்தக் குழியின் அமைதியைக் கையோடு கொண்டுவந்துவிடுவார். இத்தனை வருஷமும் இந்த வீட்டில் இரண்டு பேர் பேச்சையும் நான் ஒருத்தியே பேசியிருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது. நான் வாயை மூடினதும் பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கிறது. எனக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். கோபத்தை அதில் எழுதி முடிப்பதற்குள் கோபமே ஆறிப்போகிறது. இதெல்லாம் ஒரு வாழ்க்கையா, சொல்.

போனில் கட்டைவிரலால் தட்டினால் மூன்றாவது வார்த்தைக்குள் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பரிசோதனையைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. என்னால் பேச முடியாது, அவருக்குப் பேச வராது. அந்தப் பயம் பாட்டுக்கு எங்கள் நடுவில் உட்கார்ந்து எங்களோடு சாப்பிடுகிறது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ஒழுங்காகச் சாப்பிடு.

வாயடைத்துப்போன உன்
அண்ணி

ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. இனிமேல் நான் வேலை பார்க்கிற, செயற்கைப் பல் செய்கிற கூடத்து முகவரிக்கே போட்டுவிடுங்கள். பகலெல்லாம் நான் இங்கேதான் இருக்கிறேன்.

உங்களை வாய் மூடி உட்கார்ந்த கோலத்தில் நினைத்துப் பார்க்க முயற்சி செய்தேன். முடியவில்லை. பக்கத்து மேசைக்காரி, "என்னடி தனியா சிரிக்கிறே?" என்று கேட்டுவிட்டாள்.

அண்ணி, ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பேசத்தானே கூடாது? கேட்கலாம் இல்லையா? பாட்காஸ்ட் கேளுங்கள். ரேடியோ மாதிரிதான், ஆனால் நமக்கு வேண்டியபோது வரும், நிறுத்தினால் நிற்கும், மறுபடி தொட்டால் விட்ட இடத்திலிருந்து பேசும். எந்த மனுஷர் அப்படி இருக்கிறார்? அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், போனில் போட்டுத் தருவார்.

முதலில் பூட்டுக்காரரைக் கேளுங்கள். நிஜமாகவே பூட்டு திறக்கிற தொழில். வாரம் ஒரு கதவைப் பற்றிச் சொல்வார், யார் மாட்டிக்கொண்டார்கள், எப்படித் திறந்தார் என்று. அவ்வளவுதான் நிகழ்ச்சி. கடலுக்கு அடியில் இருக்கிற ஜீவன்களைப் பற்றி ஒரு அம்மா பேசுகிறார், அதுவும் நன்றாக இருக்கும். நான் மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்கும்போது கேட்பேன், சமைக்கும்போது கேட்பேன், சாப்பிடும்போது தட்டுக்கு எதிரே போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்பேன். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவேன். உண்மையைச் சொன்னால், இவர்கள் இல்லாவிட்டால் எனக்கு இந்த ஆறு மாசம் ஓடியிருக்காது.

முடிவு நல்லதாகத்தான் வரும். எனக்குத் தெரியும்.

அன்புடன்,
குட்டி

ஜூன் 22

அன்புள்ள குட்டிக்கு,

முதலில் நல்ல சேதி. கெட்டது ஒன்றும் இல்லை. பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வெறும் கட்டிதான். இந்த வரியை எழுதிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

பாட்காஸ்டை அண்ணன் போட்டுத் தந்தார். முதல் நாள் எனக்குத் தொழில்புத்தி போகவில்லை. பூட்டுக்காரர் மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் உட்காருகிறார், மூச்சு இரைகிறது. நாற்காலி கிறீச்சிடுகிறது, எண்ணெய் விடக் கூடாதா? பூட்டுக்காரர் வீட்டிலேயே எண்ணெய் இல்லையா? ஆனால் 'ழ' இருக்கிறதே, அப்படி ஒரு சுத்தம். அந்த ஒரு எழுத்துக்காகக் கேட்க ஆரம்பித்தேன். அப்புறம் எழுத்தெல்லாம் மறந்துபோச்சு. காய் நறுக்குகிறேன், அவர் பேசுகிறார். துணி மடிக்கிறேன், பேசுகிறார். ஒரு கதை முடியவில்லையே என்று மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தேன் என்றால் நம்புவாயா?

புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டு, ஆளுக்கு ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு பூட்டும் சிக்கிக்கொள்ள, இரண்டு பேரும் தனித்தனியாக அவருக்கே போன் போட்ட கதையைக் கேட்டிருப்பாயே? "சார், முதல்ல அந்தாளு கதவைத் திறக்காதீங்க" என்று அந்த அம்மா சொன்ன இடத்தில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சத்தம் வரக் கூடாதே! வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். எனக்கு மூச்சு அடைக்கிறது என்று நினைத்து உன் அண்ணன் அடுப்படியிலிருந்து சொம்போடு ஓடி வந்தார். கண்ணில் நீர் வழிய, ஒரு இயர்போனைக் கழற்றி அவர் காதில் செருகினேன். நின்றபடியே கேட்டார். அப்புறம் உட்கார்ந்தார். முடிந்ததும், "அடுத்தது இருக்கா?" என்றார்.

முடிவு வாங்கப் போன அன்றைக்கும் ஆளுக்கு ஒரு காதில் வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கடல் அம்மா ஏதோ மீனைப் பற்றிச் சொன்னார், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஆனாலும் ஒரு மனுஷக் குரல் பதறாமல் பேசிக்கொண்டே இருந்தது பெரிய ஆறுதல். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணும் இல்லைம்மா. குரல் வரும். கொஞ்சம் கரகரப்பா வரும், ஆனா வரும்" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அதிசயம். வெளியே வந்ததும் உன் அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பேச ஆரம்பித்தார். பேருந்து வரும்வரை பேசினார், ஏறியும் பேசினார், வீட்டு வாசல் வரைக்கும் பேசினார். என்ன பேசினார் என்கிறாய்? லிப்ட் கயிறு! அதில் எத்தனை இழை, எந்த இழை முதலில் நையும், கையில் தடவினாலே எப்படித் தெரியும் என்று. நடுவில் ஒரே ஒரு தடவை, "நீ பேசாம இருந்தது எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு" என்றார். உடனே மறுபடி கயிறு. நான் குறுக்கே பேச முடியாதவளாக இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! முன்னே மாதிரி இருந்திருந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே மடக்கியிருப்பேன்.

இப்போது உன் விஷயம். உன் கடிதத்தைத் திரும்பவும் படித்தேன். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. தட்டுக்கு எதிரே போனைச் சாய்த்து வைத்துச் சாப்பிடுகிறாய் என்று மட்டும் இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ சொல்லவும் வேண்டாம். வாய் திறக்க முடியாமல் இருந்து பார்த்ததில், வாய் திறக்க மனசில்லாதவர்களைக் கொஞ்சம் புரிந்துகொள்ள முடிகிறது. அவ்வளவுதான்.

அன்புடன்,
அண்ணி

ஜூன் 29

அன்புள்ள அண்ணிக்கு,

முதல் வரியைப் படித்ததும் கூடத்தில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். பக்கத்து மேசைக்காரி என்னமோ ஏதோ என்று கட்டிக்கொண்டாள். நல்ல சேதிக்குத்தான் அழுகிறேன் என்று அவளுக்குப் புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன்.

நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வழக்கம்போல் மழுப்பியிருப்பேன்.

நான் தனியாக இருக்கிறேன் அண்ணி. கூடத்துக்கு மேல் மாடியில் ஒரு அறை, ஒரு ஜன்னல். பெரிய சண்டை எதுவும் இல்லை. அவர் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. எதைச் சொன்னாலும் "இப்ப இது முக்கியமா?" என்பார். மூன்று வருஷம் அதைக் கேட்டுக்கேட்டு, எனக்கே நான் முக்கியமில்லாமல் போய்விட்டேன். ஒருநாள் துணிகளை எடுத்துவைத்தேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

தினமும் உங்களுக்குப் போன் போட நினைப்பேன். இந்தச் சம்பந்தத்துக்கு அண்ணன் எத்தனை அலைந்தார்! அவர் முகத்தை நினைத்தால் விரல் நின்றுவிடும். அப்புறம் உங்கள் தொண்டை. ஆபரேஷன் நேரத்தில் இதையும் தூக்கி உங்கள் தலையில் வைப்பதா?

ஊரெல்லாம் பாட்காஸ்ட் கேட்கிறது, பொழுதுபோக்குக்கு. நான் கேட்டது வேறு எதற்கோ. அந்த அறைக்குள் யாராவது ஒருத்தர் ஒரு விஷயத்தை அவசரமில்லாமல், ஆசையாக, முழுசாகச் சொல்ல வேண்டியிருந்தது. கதவைப் பற்றி, மீனைப் பற்றி, எதைப் பற்றியானாலும் சரி. அவர்களுக்கெல்லாம் அது முக்கியமாக இருந்தது அண்ணி. கேட்கக் கேட்க, எனக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது.

எழுதிவிட்டேன். இப்போது பசிக்கிறது. அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள்
குட்டி

ஜூலை 8

என் செல்லக் குட்டிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் அப்படியே கொடுத்துவிட்டேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சிலேட்டில் எழுதுகிற விஷயமா இது? படித்தார். மடித்தார். மறுபடி பிரித்துப் படித்தார். கோபப்படப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கடைசியில், "ஆறு மாசமா தனியாவா சாப்பிடுது?" என்றார். அதைத் தவிர வேறு எதுவும் அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. எழுந்துபோய்ச் சின்ன அறையில் கிடந்த பழைய மோட்டார், கயிற்றுச் சுருள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டார். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினார். இத்தனை வருஷம் நான் கெஞ்சியும் ஒழியாத அறை!

எனக்குக் குரல் வந்துவிட்டது. சுவரில் அலமாரிக்குத் துளை போடப் போனவர் சரியாக மின்கம்பி ஓடுகிற இடத்தில் கருவியை வைத்தார். "அங்கே இல்லைங்க!" என்று கத்திவிட்டேன். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அடைத்த குழாயிலிருந்து வந்த மாதிரி ஒரு கரகரப்பு. அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றார். மைக்குக்கு இந்தக் குரல் ஆகுமா என்று அடுத்த மாதம்தான் தெரியும். ஆகாவிட்டால் டிக்கெட் ஜன்னலில் உட்காரலாம் என்கிறார்கள். உயிரோடும் குரலோடும் இருக்கிறேன், எங்கே உட்கார்ந்தால் என்ன?

போன் போட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ, "நல்லா இருக்கேன் அண்ணி, நீங்க கவலைப்படாதீங்க" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கூடத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து, வேண்டுமட்டும் இரு. மாப்பிள்ளையோடு சேர்வதோ பிரிவதோ உன் இஷ்டம். அதற்காகக் கூப்பிடவில்லை.

உன் அண்ணன் சனிக்கிழமை காலையில் அங்கே வந்து நிற்பார். அவர் ஒன்றும் கேட்க மாட்டார். பெட்டியைத் தூக்குவார். நீ கூட நடந்து வா, போதும்.

உன்
அண்ணி