முழுக்கை ரவிக்கை

ஆரணி
12.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு, ஸ்டெஃபியின் ஸ்தோத்திரம்.

போனில் பேசினால் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் கடிதம். பதிலை நம் டயானா வேலை செய்யும் பள்ளி முகவரிக்குப் போடு.

கல்யாணம் முடிந்து நான்கு மாதம். அன்று அம்மா மாட்டிவிட்ட வெள்ளைக் கையுறை போய், முழுக்கை ரவிக்கை வந்ததுதான் மிச்சம். சொரியாசிஸ் முழங்கையிலிருந்து முதுகுக்கு ஏறிவிட்டது. அவரிடம் சோப்பு அலர்ஜி என்று சொல்லி வைத்திருக்கிறேன். கடைக்குப் போகும் பட்டுப்புடவைகளை நான்தான் மடிக்கிறேன். கருநீலப் புடவையில் செதில் விழுந்தால் அத்தை பார்ப்பதற்குள் ஊதிவிடுகிறேன்.

டயானாவோடு வேலூர் போய், உனக்குக் கொடுத்த அதே மாத்திரையைக் கேட்டேன். அதைச் சாப்பிடும்போது கரு தங்கினால் குழந்தைக்கு ஆபத்தாம். "வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டு ரெண்டு பேருமா வாங்கம்மா" என்று களிம்பு மட்டும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். உன்னை யாராவது துணையோடு வரச் சொன்னார்களா?

அவரிடம் உண்மையைச் சொல்லிவிட நினைக்கிறேன். பைபிள் மேல் அம்மா வாங்கிய சத்தியம்தான் தடுக்கிறது. நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

உன் பிரியமுள்ள தங்கை,
ஸ்டெஃபி


ஓசூர்
20.1.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் பார்த்து மனசு கேட்கவில்லை. எனக்கு மாத்திரையில் நன்றாகக் குறைந்துவிட்டது. நிச்சயத்துக்கு அரைக்கைச் சட்டைதான் போட்டுக்கொண்டு போனேன். காவ்யாவின் அப்பா கையைப் பார்த்துக் கேட்டார். கம்பெனி கெமிக்கலால் வந்தது என்றேன். "ஆம்பளப் பையனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா" என்று தோளைத் தட்டினார்.

உனக்கும் இருப்பது தெரிந்தால், குடும்பத்தில் வருவது என்று புரிந்துவிடும். நாளைக்குப் பெண் குழந்தை பிறந்தால் என்ன செய்வது என்று பயப்படுவார்கள். மாப்பிள்ளையும் காவ்யாவின் சித்தப்பாவும் ஒரே சபை. சொன்னால் அடுத்த ஞாயிறே அங்கே போய்விடும். மே மாதம் கல்யாணம் முடியட்டும், பொறுத்துக்கொள். பிறகு நானே வந்து மாப்பிள்ளையிடம் பேசுகிறேன். அதுவரை தேங்காய் எண்ணெய் தடவு.

அண்ணன்,
ஸ்டீவ்


ஆரணி
2.6.2025

அண்ணா,

கல்யாணத்தில் நீயும் அண்ணியும் அழகாக இருந்தீர்கள். அந்த வெயிலில் முழுக்கையோடு நின்ற என்னை எப்படி இருக்கிறாய் என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எனக்கு உன்மேல் கோபம்தான்.

நீ வந்து பேச வேண்டாம். எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. பிள்ளை பிறந்து பால் மறக்கும்வரை அந்த மாத்திரை கிடையாது என்கிறார் டாக்டர். இனி களிம்புதான். பள்ளி முகவரிக்கும் எழுதாதே.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பையன் பிறக்க வேண்டும் என்று அத்தை தினமும் முழங்கால்போட்டு ஜெபிக்கிறார். நானும் பக்கத்தில் முழங்கால்போட்டு அதையேதான் கேட்கிறேன். பையனாக இருந்தால் அரைக்கைச் சட்டை போட்டுக்கொள்ளும்.

ஸ்டெஃபி